பூசை போடாத வண்டி

தினமும் காலையில் காப்பி கொடுப்பதற்கு முன்னால் ரெங்கம்மாள் தன் புருஷனுக்குப் பகையைச் சொல்லிக்கொடுத்தாள். கட்டிலில் எழுப்பி உட்காரவைத்து, முகத்தைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிவிட்டு ஆரம்பிப்பாள். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. இது சமயநல்லூர், நம்ம வீடு. நான் ரெங்கம்மாள், உங்க பெண்டாட்டி. மகள் நாகஜோதியைப் பழங்காநத்தத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மகன் முத்துக்கருப்பன் செத்துப்போனான். அவனைச் சாகவிட்டவன் பக்கத்து வீட்டில் இருக்கிற உங்க தம்பி அழகுபாண்டி. அவன் வாசலை மிதிக்கக் கூடாது, அவன் வீட்டில் கை நனைக்கக் கூடாது.

மகள் பெயர் வரைக்கும் முத்திருளன் சமர்த்தாகத் தலையாட்டுவார். மகனிடம் வந்ததும் தலை நின்றுவிடும். எப்போது செத்தான், எப்படிச் செத்தான், எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்டு அழுவார். எழுபதைத் தாண்டிய மனுஷன் மூக்கு ஒழுக ஒழுக அழுவதைப் பார்க்க எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பொறுக்கும்? ரெங்கம்மாள் பொறுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். அழுது ஓய்ந்து, அவன் விளங்குவானா என்று தம்பியைச் சபித்து அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்த பிறகுதான் காப்பி டம்ளர் அவர் கைக்குப் போகும்.

இப்படிச் சொல்லிக்கொடுக்கச் சொன்னதே டாக்டர்தான் என்பது அவள் கட்சி.

ஐப்பசி மழையில் முத்திருளன் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியது, அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் மயக்கம் தெளிந்து எழுந்தவர் வேறு ஆளாக எழுந்தார். கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்தார். வெள்ளைச் சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்லித் துண்டால் தட்டினார். ஊசி போட வந்த நர்சை ஆத்தா என்று கூப்பிட்டுப் பசிக்கிறது என்றார்.

ஜெனிஷா என்கிற சின்ன வயசு டாக்டர், தாயையும் மகளையும் உட்காரவைத்துப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷன், மயக்க மருந்து, கெட்டுப்போன தூக்கம், பழகாத இடம் எல்லாம் சேர்ந்து மூளையைக் கலக்கிவிடுமாம். நிறையப் பேருக்குச் சில நாளில் தெளிந்துவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். உள்ளுக்குள் ஏற்கெனவே ஞாபகம் தேய ஆரம்பித்திருந்தால் முழுசாகத் திரும்பாமலும் போகலாம். கண்ணாடியை மாட்டிவிடுங்கள், பகலில் வெளிச்சத்தில் உட்காரவையுங்கள், தினமும் காலையில் கிழமை என்ன, இடம் எது, யார் யார் என்று சொல்லுங்கள் என்றார். மனசு நோகிற சங்கதியை மட்டும் கிளறாதீர்கள் என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்னது ரெங்கம்மாளின் காதில் விழாமல் இல்லை. ஆனால் யார் யார் என்று சொல்லச் சொல்லிவிட்டு, பிள்ளையைக் கொன்றவன் யார் என்பதை மட்டும் விட்டுவிடச் சொன்னால் அது என்ன நியாயம் என்று அவள் வைத்துக்கொண்டாள்.

பொங்கலுக்குள் பாதி மனுஷன் திரும்பி வந்தார். வாக்கரைப் பிடித்து நடந்தார். குழம்பில் உப்பு போதவில்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறினார். ஆனால் நடுவில் இருபது இருபத்தைந்து வருஷம் அப்படியே கழன்று விழுந்துவிட்டது. அவர் கணக்கில் முத்துக்கருப்பன் பள்ளிக்கூடம் போயிருந்தான், சாயங்காலம் வருவான். அழகுபாண்டி அவர் தோளில் தூக்கி வளர்த்த தம்பி.

ஒருநாள் மத்தியானம் கட்டிலில் ஆளைக் காணவில்லை. ரெங்கம்மாள் தெருவெல்லாம் பதறித் தேடிவிட்டு வந்தபோது, பக்கத்து வீட்டு நடுக்கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, முழங்கை வரைக்கும் வழிய வழிய நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார் முத்திருளன். பரிமாறிக்கொண்டிருந்தவன் அழகுபாண்டி. அவளைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்கு வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான், அண்ணன் சாப்பிட்டுத்தான் வருவார் மதினி, நீங்களும் உள்ளே வாங்க என்று. அவன் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்து அவளுக்கு அடிவயிறு எரிந்தது. செருப்பைக் கழற்றி அடிக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

அந்த எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். முத்துக்கருப்பனுக்குப் பதினைந்து வயசு நடந்தது. பரீட்சை லீவில் தண்ணீர் பாய்ச்சப் போனவனை வரப்பில் நல்லபாம்பு கொத்திவிட்டது. உச்சி வெயில். போன் போட்டால் ஆம்புலன்ஸ் வருகிற காலம் இல்லை. தெருவில் வண்டி என்று இருந்தது, முந்தின நாள் அழகுபாண்டி எடுத்துவந்து நிறுத்தியிருந்த புது வேன் ஒன்றுதான். முத்திருளன் ஓடிப்போய்க் கேட்டார். இன்னும் பூசை போடவில்லை, ஏற்ற முடியாது என்று தம்பி கையை விரித்துவிட்டான். சாவி அவன் அரைஞாண் கயிற்றில் தொங்கியதை அண்ணன் கண்ணால் பார்த்தார். கடைசியில் பக்கத்துத் தெருக்காரன் டி.வி.எஸ். மொபெட்டில் நடுவில் உட்காரவைத்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விளாங்குடி வருவதற்குள் பையனின் தலை அப்பன் தோளில் சாய்ந்துவிட்டது. இன்றைக்கும் பஸ் விளாங்குடியைத் தாண்டுகிற வரைக்கும் ரெங்கம்மாள் கண்ணை மூடிக்கொள்வாள்.

அதுகூடப் பெரிதில்லை. பதினாறாம் நாள் பங்காளிகள் கூடிக் கேட்டபோது, நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, சாவியோடு சோழவந்தானுக்குப் போயிருந்தேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான் அழகுபாண்டி. ஊர் முழுக்கப் பையனைச் சுற்றி நின்றதால், அவன் வீட்டு வாசலில் நடந்ததற்கு வேறு சாட்சி இல்லை. பிள்ளை போன துக்கத்தில் அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பாதிப் பேர் பேசினார்கள். பிள்ளையையும் கொடுத்து, பொய்யன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு வந்தார் முத்திருளன். ரெங்கம்மாள் கொழுந்தன் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். தூற்றிய மண்ணெல்லாம் அவனுக்கு எருவாகப் போனதோ என்னவோ, ஒரு வேன் நாலு வேன் ஆனது, ஓட்டு வீடு மாடி வீடு ஆனது. அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் அந்த வன்மத்தை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டுதான் வாழ்ந்தார்கள். இப்போது ஒரு பக்கம் கையை விட்டுவிட்டது.

அழகுபாண்டி சும்மா குழம்பு ஊற்றுகிற ஆள் இல்லை. மாசி மாதம் குலசாமி கும்பிடுகிற மாசிப் பச்சைக்குக் கோயிலில் இந்த வருஷம் பரிவட்டம் அவனுக்குக் கட்டுவதாகப் பேச்சு. அதற்கு ஒரே ஒரு தடை இருந்தது. உடன்பிறந்தவனோடு பகை வைத்திருக்கிறவன் தலையில் பரிவட்டம் ஏறாது. பகையாளிகள் இரண்டு பேரும் சாமி முன்னால் அடுத்தடுத்து நின்று ஒரே தட்டில் திருநீறு எடுத்துவிட்டால் பகை தீர்ந்தது. அதற்குப் பிறகு பழசை வாயில் எடுத்தால் சாமி குத்தம். அந்தப் பங்காளி வகையறாவில் அதுதான் வழக்கம். முத்திருளன் ஒரு சிட்டிகை திருநீறு எடுத்தால் போதும், முத்துக்கருப்பனின் சாவு யார் பேரிலும் இல்லாமல் போய்விடும். ரெங்கம்மாள் அதற்கப்புறம் அழுதால்கூடத் தப்பு.

அதனால்தான் காலைப் பாடம். ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் வரைக்கும் தங்காது. குழம்பு வாசம் சுவர் ஏறி வந்ததும் வாக்கர் தானாகப் பக்கத்து வீட்டுக்குத் திரும்பும். கதவைப் பூட்டினால் தட்டித் தட்டிக் கை வீங்கிவிடும். ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து வந்தவள், புருஷன் அழகுபாண்டியின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கி விளையாடுவதைப் பார்த்தாள். என் பிள்ளை ஏற முடியாத வண்டியில் அவன் அப்பன் உட்கார்ந்து சிரிக்கிறானே என்று நேரே காருக்குப் போனாள். கையைப் பிடித்து இழுத்து இறக்கினாள்.

அழகுபாண்டி கோபப்படவில்லை. சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னான்.

"அண்ணனே மறந்துட்டாரு மதினி. நீங்க மட்டும் எதுக்கு இன்னும் சொமக்குறீங்க?"

அந்த ஒரு சொல் அவளை என்ன செய்தது என்றால், அதுவரைக்கும் தற்காத்துக்கொள்ள நினைத்தவளைத் தாக்க நினைக்க வைத்தது. மறந்துவிட்டாரா? உன் பாவத்தைக் கழுவ எங்கள் வீட்டு நோவுதான் தண்ணீரா? இரு, உன்னை அதே சாமி முன்னால் அம்மணமாக நிறுத்துகிறேனா இல்லையா பார் என்று மனசுக்குள் முடிந்துகொண்டாள்.

வழியும் அவளுக்குத் தெரியும். முந்தின வாரம் ஒரு காலையில், ஆத்திரத்தில் பாடம் நீண்டு, செத்தான் என்று சொல்வதோடு நிறுத்தாமல் பாம்பு, வரப்பு, நுரை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முத்திருளன் அழவில்லை. வாக்கர் இல்லாமலே எழுந்துவிட்டார். கண் வேறெங்கோ போய்விட்டது. தம்பியிடம் வண்டி கேட்கிறேன், நீ பிள்ளைக்குத் தலையைப் பிடி என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து ஓடினார். அவருக்கு அது ஞாபகம் இல்லை, அந்த மத்தியானமே திரும்ப வந்துவிட்டது. அவரை அமர்த்துவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. விஷயம் தெரிந்த நாகஜோதி, நீ என்ன மனுஷிதானா என்று தாயைத் திட்டித் தீர்த்தாள். டாக்டருக்கும் போன் போட்டாள். உங்க அப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் அது புதுசாக நடக்கிறது, பயம் கூடினால் குழப்பமும் கூடும், இனிமேல் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று ஜெனிஷா கண்டிப்பாகச் சொன்னார். ரெங்கம்மாள் சரி என்று தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே அந்தச் சங்கதியைப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பிறகு அவள் பாடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனாலும் தடுக்கவில்லை. கோயிலுக்கு அண்ணனைக் கூட்டிப்போகட்டுமா என்று அழகுபாண்டி ஆள் விட்டுக் கேட்டபோது, நானும் வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள். கிழவி இறங்கிவந்துவிட்டாள் என்று அவன் வீட்டில் பாயசம் வைத்ததாகக் கேள்வி.

மாசிப் பச்சைக்குக் கோயில் திடலில் வகையறா முழுக்கக் கூடியிருந்தது. கிடாய்கள் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தன. திடல் ஓரத்தில் அழகுபாண்டி பேரனுக்கு எடுத்த புதுக் கார், மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசைக்காகக் காத்து நின்றது. அதைப் பார்த்ததும் ரெங்கம்மாளுக்குச் சாமியே தன் பக்கம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. பூசாரி தவசி திருநீற்றுத் தட்டோடு வெளியே வந்தார். முத்திருளனும் அழகுபாண்டியும் முன்வரிசையில் ஒட்டி நின்றார்கள். பட்டு வேட்டியும் சந்தனமுமாக மாப்பிள்ளை மாதிரி நின்றான் அழகுபாண்டி. அவன் தலையில் கட்டுவதற்கான துணி தவசியின் தோளில் கிடந்தது.

தட்டு நீளுகிற நேரத்தில் ரெங்கம்மாள் புருஷனின் பின்னால் போய் நின்றாள். ஒரு கணம் அவருடைய ஒட்டிப்போன பிடரியைப் பார்த்தாள். காலையில் அவளே தேய்த்துக் குளிப்பாட்டிவிட்ட பிடரி. மனசு கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்தது. அப்புறம் அழகுபாண்டியின் சந்தனத்தைப் பார்த்தாள். புருஷனின் தோளைப் பிடித்துப் புதுக் கார் பக்கம் திருப்பி, காதோடு சொன்னாள்.

"இங்கேருங்க, கருப்பன பாம்பு கொத்திருச்சு. வாயில நொர தள்ளுது. தம்பிகிட்ட வண்டி கேளுங்க."

வாக்கர் கீழே விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். முத்திருளன் தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். டேய் அழகு, வண்டியை எடு, பிள்ளையைப் பாம்பு கடித்துவிட்டது, பெரியாஸ்பத்திரிக்குப் போகணும் என்று கத்தினார். அழகுபாண்டி சிரித்து மழுப்பப் பார்த்தான். அண்ணனுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித்தான் என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னான். ஆனால் முத்திருளன் விடவில்லை. அவர் நின்றது கோயில் திடலில் இல்லை, அந்தப் பழைய வாசலில். அன்றைக்குத் தம்பி பேசியதற்கெல்லாம் இன்றைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாவி இல்லைங்காதடா, இடுப்புலதான தொங்குது. பூசை பெறகு போட்டுக்கலாம்டா. வண்டிய நானே கழுவி விடுறேன். எம்மகன் செத்துருவான்டா, அழகு."

சொல்லிவிட்டு, கம்பி வைத்துத் தைத்த இடுப்பை மடக்கி, தம்பியின் காலில் விழுந்தார். மூத்தவன் இளையவன் காலில் விழுகிற அக்கிரமத்தைப் பார்த்துப் பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். அழகுபாண்டிக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து அதே குரல், அதே வார்த்தை, அதே கை அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் நின்றதும் கோயிலில் இல்லை போல. குனிந்து அண்ணனைத் தூக்கப் பார்த்து, தூக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"மொத ஓட்டமே சாவு ஓட்டமா ஆயிரும்னு பயந்துட்டேண்ணே."

சோழவந்தானில் இருந்தவனுக்கு அந்தப் பயம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவில்லை. தவசி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தோளில் கிடந்த பரிவட்டத் துணியை மடித்துக் கொண்டுபோய்ச் சாமி காலடியிலேயே வைத்துவிட்டார். பொய்ச் சத்தியம் செய்தவன் பொங்கிய பானையில் ஒருத்தரும் கை வைக்கவில்லை. ரெங்கம்மாள் அத்தனை பேர் முன்னாலும் தலையை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பொய்யன் என்று சொன்ன முகம் எல்லாம் மண்ணைப் பார்த்தது. பிள்ளை செத்த நாளிலிருந்து அவள் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் இறங்கியது. சோறு தின்கிற மாதிரி ருசித்தாள் அதை. அதில் அவளுக்கு வெட்கம் இல்லை.

ஆனால் முத்திருளன் அந்த மத்தியானத்திலிருந்து திரும்பி வரவில்லை.

அவரிடம் எதுவும் தங்காமல் ஓடிய இடத்தில் அது மட்டும் தங்கிவிட்டது. வெயில் ஏற ஏற வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். உச்சிப் பொழுதில் எழுந்து வாசலுக்கு ஓடுவார், வண்டி வண்டி என்று தெருவில் போகிறவனையெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவார். ரெங்கம்மாளை அடையாளம் தெரியவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறான் என்று, முன்பு அவர் நம்பிய பொய்யை அவளே இப்போது சொல்லிப் பார்த்தாள். பாம்பு கடித்தவன் எப்படிப் பள்ளிக்கூடம் போவான் என்று அவளை முறைத்தார். சோறு இறங்கவில்லை, ஆள் பாதியாக இளைத்துவிட்டார். நாகஜோதி டாக்டரிடம் கேட்டுவந்து சொன்னாள், மறுத்துப் பேசாதீர்கள், வண்டி கேட்டால் வண்டியில் உட்காரவைத்து ஒரு சுற்று கூட்டிப்போங்கள், பதற்றம் அடங்கலாம் என்று. ஆட்டோவில் ஏற்றிப் பார்த்தார்கள். இது இல்லை, தம்பி வண்டி என்று இறங்கிவிட்டார்.

ஒருநாள் உச்சி வெயிலில் அழகுபாண்டியே வந்தான். சந்தனம் இல்லை, பட்டு இல்லை, சவரம் செய்து பல நாள் ஆன முகம். பக்கத்து வீட்டிலிருந்து தினமும் அந்தக் கத்தலைக் கேட்டுக் கேட்டு அவனும் தூங்காதவன் மாதிரித்தான் இருந்தான். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். தெருவில் கார் கதவு திறந்து கிடந்தது. உள்ளே முத்திருளன் வண்டி வண்டி என்று அரற்றுவது கேட்டது. அண்ணனைப் பெரியாஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட்டிப்போய்த் திரும்புகிறேன், எனக்கு மன்னிப்பு எதுவும் வேண்டாம், அவர் ஒரு வாய் சோறு தின்றால் போதும் என்று சொல்லிச் சாவியை நீட்டினான்.

அது பொய்யில்லை என்று ரெங்கம்மாளுக்குத் தெரிந்தது. ஏற்றினால் அவர் அடங்குவார் என்பதும் தெரிந்தது. விளாங்குடியைத் தாண்டி அந்த வண்டி போகும், இந்தத் தடவை பிள்ளை பிழைத்துவிட்டான் என்று அவர் நம்பிக்கொண்டு திரும்பி வரலாம். அவன் நீட்டிய சாவியை அவள் பார்த்தாள். அன்றைக்கு நீளாத சாவி.

"அவரு கேக்குறாருல்ல மதினி" என்றான் அழகுபாண்டி.

"அன்னைக்கும் கேட்டாருல்ல."

கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். பூட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பியபோது, முத்திருளன் வாக்கரைப் பிடித்தபடி அவளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். யாரோ வீட்டுக்கார அம்மாளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். அவர் கண் மெதுவாக அவள் இடுப்புக்கு இறங்கியது. வாக்கரை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"சாவி இடுப்புலதான இருக்கு, தாயி. பூசை பெறகு போட்டுக்கலாம். எம்மகன் செத்துருவான்."

ரெங்கம்மாள் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.